ஆட்டுக்குட்டியின் வயிறும் புரோபயாடிக்கும்: ஈன்ற நாள் முதல் பால் மறக்கும் வரை

காலையில் பட்டிக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது குட்டிகளின் வாலைத்தான். வாலடி காய்ந்து சுத்தமாக இருந்தால் சரி. மஞ்சளாகவோ பச்சையாகவோ ஒட்டியிருந்தால் அன்றைக்கு மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். மூன்று மாதத்துக்குள் சாகும் குட்டிகளில் பலவற்றுக்கு முதல் அறிகுறி அந்த வாலடியில்தான் தெரியும்.

இப்போது எந்தக் கால்நடை மருந்துக் கடைக்குப் போனாலும் குடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகள் அடங்கிய புரோபயாடிக் பொடி, திரவம், பசை என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்கிப்போய்க் கொடுத்தும் பலன் தெரியவில்லை என்பவர்களும் உண்டு, அது இல்லாமல் குட்டி வளர்க்கவே முடியாது என்பவர்களும் உண்டு. நான் பார்த்தவரை, சரியான குட்டிக்கு, சரியான நேரத்தில், உயிரோடு உள்ளே போனால் அது நன்றாக உதவுகிறது. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் காசு வீண். சீம்பால் குடிக்காத குட்டிக்கும், ஈரத்தரையில் படுக்கும் குட்டிக்கும் எந்தப் பொடியும் உதவாது. அதனால் பொடிக்கு முன்னால் செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

குட்டிக்கு ஏன் இது தேவைப்படுகிறது

வெள்ளாட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள். வளர்ந்த ஆட்டில் முதல் அறையான அசையூண் வயிறுதான் பெரியது. தழையையும் தட்டையையும் ஊறவைத்து, கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளைக் கொண்டு நொதிக்க வைக்கும் தொட்டி அது. பிறந்த குட்டியில் இது தலைகீழ். அசையூண் வயிறு சுருங்கிய சின்னப் பைதான். நம் இரைப்பையைப் போல வேலை செய்யும் நான்காம் அறைதான் பெரியது. குட்டி காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் உள்ள இரண்டு தசை மடிப்புகள் சேர்ந்து ஒரு வாய்க்கால் போலாகிவிடும். பால் முதல் அறையில் விழாமல், அந்த வாய்க்கால் வழியாக நேரே நான்காம் அறைக்குப் போய்விடும்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புரோபயாடிக்கைப் பாலில் கொடுப்பதா தீவனத்தில் கொடுப்பதா என்ற கேள்விக்குப் பதில் இந்த வாய்க்காலில்தான் இருக்கிறது.

பிறக்கும்போது குட்டியின் குடலில் நுண்ணுயிரிகள் அநேகமாக இல்லை. தாயின் மடி, தாயின் நாக்கு, தரை, காற்று என்று எல்லா இடத்திலிருந்தும் அவை உள்ளே குடியேறுகின்றன. நல்லது முதலில் இடம் பிடித்தால் கெட்டதற்கு இடம் குறையும். லேக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் குடலைச் சற்று அமிலமாக வைத்திருக்கும். ஈ கோலை போன்ற கெட்ட பாக்டீரியாக்கள் அங்கே பெருகுவது கடினம். புரோபயாடிக் என்பது அப்படி நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகளைப் போதுமான அளவில் நாமே கொடுப்பது. 'உயிருள்ள', 'போதுமான அளவில்' என்ற இரண்டு சொற்களையும் கவனியுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

படி 1: சீம்பால், தொப்புள், தரை

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைத்து, தாயை நக்க விடுங்கள். தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் முக்கி எடுங்கள். மேலே தொட்டுவைத்தால் போதாது, சின்ன மூடியில் ஊற்றி முழுவதும் நனைய வேண்டும். முதல் அரை மணி நேரத்திலிருந்து 1 மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். குடலின் உட்சுவர் சீம்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களை அப்படியே இரத்தத்துக்குள் விடுவது முதல் சில மணி நேரம்தான். நேரம் போகப்போகக் குறைந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக அடைத்துவிடும்.

அளவு: முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் குறைந்தது 10-இல் 1 பங்கு. 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. முதல் தடவையே 100 மில்லி வரை குடித்துவிட்டால் நிம்மதி. இரட்டைக் குட்டி சகஜமாகப் போடும் கன்னி இன ஆட்டில், பலமான குட்டி இரண்டு காம்பையும் பிடித்துக்கொள்ளும். சின்னதைத் தனியாகப் பிடித்து ஊட்டுங்கள்.

சீம்பாலுக்கு முன்னால் வேறு எதையும் கொடுக்காதீர்கள். சீனித் தண்ணீர், கழுதைப்பால், தேன், புரோபயாடிக், எதுவுமே வேண்டாம். அந்த நேரத்தில் குடலின் கதவு நல்லதுக்கும் கெட்டதுக்கும் சேர்த்துத்தான் திறந்திருக்கிறது. குட்டி வாய் வைக்கும் முன்பே தாயின் மடியைத் துணியால் துடைத்து, முதல் இரண்டு பீச்சுப் பாலைத் தரையில் படாமல் பாத்திரத்தில் பீச்சிக் கொட்டிவிடுவதும் இதனால்தான்.

தரை காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் குட்டி அடையும் இடத்தில் முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் உட்காருங்கள். வேட்டி ஈரமானால் அந்த இடம் குட்டிக்கு ஆகாது. சுண்ணாம்புத் தூள் தூவி, மேலே காய்ந்த வைக்கோலோ கடலைத்தோலோ பரப்புங்கள்.

படி 2: எந்தக் குட்டிக்கு வேண்டும்

தாயோடு ஓடியாடிப் பால் குடித்து, வெயிலில் மேயப் போகும் நல்ல குட்டிக்குப் புரோபயாடிக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தாயிடமிருந்தே அதற்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. வித்தியாசம் தெரிவது சிரமத்தில் இருக்கும் குட்டியிடம்:

- தாய் செத்தோ, மடிநோய் வந்தோ, பால் பற்றாமலோ புட்டிப்பாலில் வளரும் குட்டி
- கழிச்சலிலிருந்து தேறிவரும் குட்டி
- ஆன்டிபயாடிக் மருந்து போட்ட குட்டி
- பால் மறக்கும் குட்டி
- சந்தையில் வாங்கி வண்டியில் ஏற்றி வந்த குட்டி

பரண் மேல் நெருக்கமாக நிறையக் குட்டிகளை வளர்ப்பவர்கள் முதல் மாதம் முழுவதும் எல்லாவற்றுக்கும் கொடுப்பது நியாயமானதே. பத்துப் பதினைந்து ஆடு வைத்து மேய்ச்சலுக்கு விடுபவர்களுக்கு மேலே சொன்ன குட்டிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

படி 3: பாக்கெட்டைப் படியுங்கள்

'உயர்தரப் புரோபயாடிக்' என்று பெரிதாக எழுதியிருப்பதைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். உள்ளே என்ன நுண்ணுயிரி, எத்தனை, எந்தத் தேதி வரை, எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பெயர்கள் மூன்று கூட்டமாகப் பிரியும். லேக்டோபேசில்லஸ், எண்டரோகாக்கஸ், பிஃபிடோபாக்டீரியம் ஆகியவை பால்குடிக் குட்டியின் குடலுக்கு ஏற்றவை. ஆனால் சூட்டைத் தாங்காது. பேசில்லஸ் சப்டிலிஸ், பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ், பேசில்லஸ் கோயாகுலன்ஸ் ஆகியவை கெட்டியான உறைக்குள் வித்து நிலையில் உறங்குபவை. வெயிலையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும். மூன்றாவது, சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட். இது அசையூண் வயிற்றில் வேலை செய்வது. தீவனத்தோடு உள்ளே போகும் ஆக்சிஜனை அது எடுத்துக்கொள்வதால், ஆக்சிஜன் ஆகாத நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்குச் சௌகரியமாகிவிடுகிறது. அமிலம் ஏறாமலும் பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலுக்கு, குளிர்பதனப் பெட்டி இல்லாதவர்கள் பேசில்லஸ் வகையை வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு சித்திரை மாதத்தில் கடையின் கண்ணாடி அலமாரியில் வெயில் பட வைத்திருந்த லேக்டோபேசில்லஸ் பொடியை வாங்கிவந்து மூன்று வாரம் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அட்டையைப் பிறகுதான் படித்தேன்: 25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும். நான் கொடுத்ததில் பெரும்பகுதி செத்த பொடியாகத்தான் இருந்திருக்கும்.

எண்ணிக்கையை சிஎஃப்யூ என்று போட்டிருப்பார்கள். வளரக்கூடிய உயிருள்ள நுண்ணுயிரிகளின் கணக்கு அது. 10-இன் அடுக்கு 9 என்றால் 100 கோடி, அடுக்கு 8 என்றால் 10 கோடி, அடுக்கு 6 என்றால் 10 லட்சம். பாக்டீரியா வகையில் ஒரு குட்டிக்கு நாளொன்றுக்கு 10 கோடி முதல் 100 கோடி வரை கொடுப்பது வழக்கத்தில் உள்ள அளவு. 1 கிராமில் 100 கோடி உள்ள பொடி என்றால் 1 கிராம் தாராளம். 1 கிராமில் 10 லட்சம்தான் என்றால், குறைந்த அளவான 10 கோடியை எட்டவே 100 கிராம் வேண்டும். விலையை ஒப்பிடும்போது பாக்கெட்டின் எடையைப் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஈஸ்டின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அட்டையில் குட்டிக்கு என்று போட்டிருப்பதையே பின்பற்றுங்கள்.

படி 4: உயிரோடு உள்ளே அனுப்புங்கள்

இப்போது அந்த வாய்க்காலுக்கு வருவோம். லேக்டோபேசில்லஸ், பேசில்லஸ் வகைகள் குடலுக்குப் போக வேண்டும். அதனால் பாலில் கலந்து, நிப்பிள் வைத்த புட்டியில் சப்பிக் குடிக்க வையுங்கள். சப்பினால்தான் வாய்க்கால் ஒழுங்காக மூடும். ஈஸ்ட் அசையூண் வயிற்றுக்குப் போக வேண்டும். அதைக் குட்டித் தீவனத்தில் கலந்துவிடுங்கள். பிறந்து ஒரு வாரமான குட்டிக்கு ஈஸ்டை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டியதில்லை, அதற்கு இன்னும் அந்த வயிறே வரவில்லை.

பால் 38, 39 டிகிரி இருக்கட்டும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. கொதித்த பாலில் பொடியைப் போட்டுவிட்டு ஆறவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறவைத்துவிட்டுப் போடுங்கள். தண்ணீரில் கரைப்பதானால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொள்ளுங்கள். கலந்ததை அரை மணி நேரத்துக்குள் கொடுத்து முடியுங்கள். மிச்சத்தைச் சாயங்காலத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் புட்டியையும் நிப்பிளையும் சுடுதண்ணீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்; நிப்பிளின் உள்மடிப்பில் தேங்கும் பால் ஒன்றே ஒரு குட்டியைக் கழிய வைத்துவிடும்.

தாயிடம் குடிக்கும் குட்டிக்கு ஊசி கழற்றிய 5 மில்லி சிரிஞ்சில் கரைத்துக் கொடுக்கலாம். குட்டியை மடியில் வைத்து, தலை முதுகு மட்டத்திலேயே இருக்க, கடைவாய் ஓரமாகச் சிரிஞ்சை நுழைத்து, விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். கொடுத்தவுடன் தாயிடம் விடுங்கள்.

தயிர் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். அன்றைக்கு உறைந்த புளிக்காத வீட்டுத் தயிரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, காலை, மாலை 5 முதல் 10 மில்லி கொடுப்பது என் வழக்கம். கைக்கு உடனே கிடைப்பது, செலவில்லாதது. ஆனால் அதில் எத்தனை உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது, குடல் வரை தாங்கிப் போவதும் குறைவு. அதனால் லேசான மந்தத்துக்குத் தயிர், கழிச்சலிலிருந்து தேற்றுவதற்கு நல்ல தயாரிப்பு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். புளித்த மோர் வேண்டாம்.

படி 5: அசையூண் வயிற்றை வளர்த்துவிடுங்கள்

இரண்டு மூன்று வாரத்தில் குட்டி தாயைப் பார்த்து ஒரு இலையைக் கவ்வி மென்று துப்பும். அப்போதே தொடங்க வேண்டும். குட்டி மட்டும் நுழையும்படி மறைப்புக் கட்டி, அகத்தி, வேலிமசால், வேம்பு என்று கிடைக்கும் தழையைத் தரையில் போடாமல் குட்டியின் முக உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அறுத்து அரை நாள் வாடிய தழை நல்லது. கடலைக்கொடி இருந்தால் கொஞ்சம் வையுங்கள்.

குட்டித் தீவனத்துக்கு 100 கிலோ கணக்கு: மக்காச்சோளம் 40, கடலைப் பிண்ணாக்கு 30, கோதுமைத் தவிடு 20, உளுந்தம் பொட்டு 7, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. இது புரதம் ஏறக்குறைய 20 சதவீதம் வரும். மக்காச்சோளத்தைக் குருணையாக உடையுங்கள், மாவாக அரைக்காதீர்கள். முதலில் ஒரு கைப்பிடி. ஒரு மாதத்தில் 50 கிராம், அப்புறம் மெல்ல 100 கிராம் வரை. பிண்ணாக்கை வாங்கும்போது உடைத்து முகருங்கள். பூசண வாடை இருந்தால் அதில் அஃப்ளாடாக்சின் நஞ்சு இருக்கலாம். எந்தப் புரோபயாடிக்காலும் அதை ஈடுகட்ட முடியாது.

சோறு, இட்லி மாவு, கல்யாண வீட்டு மிச்சம், களத்தில் கிடக்கும் நெல், இவற்றில் குட்டி வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து ஒரேயடியாக உள்ளே போனால் அசையூண் வயிற்றில் அமிலம் கட்டுக்கடங்காமல் ஏறி, ஒரே இரவில் சாகும். அந்த நிலையில் ஈஸ்ட் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று நேரத்தை வீணாக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

படி 6: கழிச்சல் வந்துவிட்டால்

முதலில் வயதைப் பாருங்கள். பிறந்த 3 நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் ஈ கோலை. சீம்பாலும் சுத்தமும் தவறிய கதை. 5 முதல் 15 நாளில் வந்தால் வைரஸோ கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ இருக்கலாம். 3, 4 வாரத்துக்கு மேல் கறுத்தோ சளியும் இரத்தமுமாகவோ கழிந்தால் ரத்தக்கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். புழுக்கையில் அரிசி அரிசியாகத் தெரிந்தால் நாடாப்புழு. வாயில் புண், மூக்கில் சளி, காய்ச்சல் என்று சேர்ந்து வந்தால் ஆட்டுக்கொல்லி நோய். நேற்று வரை கொழுகொழுவென்று இருந்த குட்டி துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. கடைசி இரண்டுக்கும் தடுப்பூசிதான் வழி. காக்சிடியாவுக்கும் புழுவுக்கும் தனித்தனி மருந்து இருக்கிறது. ஒரு சின்ன டப்பாவில் புதுச் சாணத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

குட்டியைக் கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட நீரிழப்புதான். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் பரவாயில்லை. கூடாரம் போல நின்று மெல்ல இறங்கினால் தண்ணீர் வற்றுகிறது. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் ஆபத்து. வெப்பமானியில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல், முதலில் சாக்கில் சுற்றி வெந்நீர்ப் புட்டி வைத்துச் சூடேற்றுங்கள். 102, 103 தான் சாதாரணம்.

சூடு சரியாக இருந்து குட்டி விழுங்கினால், 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய அளவில் கலந்து, ஒரு தடவைக்கு 50 மில்லி போல 4, 5 தடவை கொடுங்கள். பாலை நிறுத்தாதீர்கள்; தாயிடம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கரைசலுக்கும் பாலுக்கும் நடுவே 2 மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். புரோபயாடிக்கை அன்றே தொடங்கி, கழிச்சல் நின்ற பிறகும் 5 முதல் 7 நாள் தொடருங்கள். மனிதர்கள் பேதியை நிறுத்தப் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதை அடியோடு விடுங்கள்; குடல் அசைவை நிறுத்தி நஞ்சை உள்ளேயே தேக்கிவிடும்.

இரத்தம், 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சப்ப மறுப்பது, எழுந்திருக்காமல் படுப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினால் அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துத்தான் கொல்லும். புரோபயாடிக்கை மருந்திலிருந்து 2, 3 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். மருந்து முடிந்த பிறகு ஒரு வாரம் தொடருங்கள். ஈஸ்ட் பூஞ்சை வகை என்பதால் பாக்டீரியாவுக்கான மருந்து அதைத் தொடாது. தீவனம் தின்னும் குட்டிக்கு அதை மருந்துக் காலத்திலேயே கொடுக்கலாம்.

படி 7: பால் மறக்கும்போதும் சந்தையிலிருந்து வரும்போதும்

3 மாதத்தில் பாலை ஒரே நாளில் நிறுத்தாமல் 10 நாளில் மெல்லக் குறையுங்கள். நிறுத்துவதற்கு 3 நாள் முன்பு தொடங்கி, நிறுத்திய பிறகு 10 நாள் வரை ஈஸ்டும் பேசில்லஸும் சேர்ந்த தயாரிப்பைத் தீவனத்தில் கொடுக்கிறேன். அதே வாரத்தில் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, இடமாற்றம் என்று எல்லாவற்றையும் குவிக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் விடுங்கள்.

எட்டயபுரம் போன்ற சந்தைகளில் வாங்கிய குட்டி பசியும் பயமுமாக வரும். பாவம், வந்ததும் அள்ளிப் போடத் தோன்றும். முதல் நாள் காய்ந்த தழை, கடலைக்கொடி, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர், புரோபயாடிக், இவ்வளவுதான். அடர்தீவனம் மூன்றாம் நாளிலிருந்து ஒரு கைப்பிடி. 21 நாள் தனியாகக் கட்டி வையுங்கள்.

எப்போது நிறுத்துவது

பொடி வேலை செய்கிறதா என்பதைத் தராசில் பாருங்கள். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைப் பாலுக்கு முன் சாக்கில் வைத்துத் தொங்குதராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை வைத்து ஒன்றுக்குக் கொடுத்து, ஒன்றுக்குக் கொடுக்காமல் பார்த்தால் உங்கள் பட்டிக்கு அது தேவையா என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

நான்கு மாதம் ஆகும்போது, மேய்ந்துவிட்டு வந்து மத்தியானம் நிழலில் படுத்திருக்கும் குட்டியின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அது கண்ணை அரைவாசி மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கும். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள குழியில் உள்ளங்கையை அழுத்தாமல் வைத்திருங்கள். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உள்ளிருந்து ஏதோ உருண்டு வந்து கையைத் தள்ளிவிட்டுப் போகும். தவறாமல் அப்படி வந்தால், புழுக்கையும் உருண்டையாகத் தனித்தனியாக விழுந்தால், அந்தக் குட்டிக்குப் பொடியை நிறுத்திவிடலாம்.